உங்களுக்குத் தெரியுமா? செம்பருத்திச் சாறும் மின்சாரம் தரும்!

பொன்முடி மலையடிவாரத்தில், ஐசர் அறிவியல் கல்வி நிறுவனம் அமைந்திருக்கும் ஊர் வித்துரா. அங்கே வேலியோரம் பூக்கும் செம்பருத்தியைக் கசக்கினால் விரலில் ஒட்டுகிற சிவப்பு, ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழம் தின்றால் நாக்கில் படிவதும் அதே வகைதான்.

மின்கடத்தும் கண்ணாடியில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் குழைத்துப் பூசிச் சுட்டெடுத்து, இந்தச் சாற்றில் ஊறவைக்கிறார்கள். வெள்ளைப் பூச்சு மெல்ல ஊதாவாக மாறும். நிறமி டைட்டானியத்தைப் பற்றிக்கொண்டதன் அடையாளம் அது. வெயில் பட்டதும் நிறமி ஓர் எலக்ட்ரானைப் பூச்சுக்குள் தள்ளிவிடுகிறது; இந்த எலக்ட்ரான் ஓட்டமே மின்சாரம். நிறமி இழந்ததைக் கலத்துக்குள் இருக்கும் அயோடின் கரைசல் திருப்பித் தருகிறது. இலையின் ஒளிச்சேர்க்கையை நினைவூட்டும் இந்த நுட்பத்துக்கு 1991இல் வழி திறந்தவர்கள், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மைக்கேல் கிரேட்சலும் பிரையன் ஓரீகனும்.

அந்த வெள்ளைப் பொடிகூட நமக்கு அந்நியமல்ல. சவரா, மணவாளக்குறிச்சி கடற்கரைகளின் கருமணலில் இருக்கும் இல்மனைட் தாதுவே அதன் மூலப்பொருள்.

ஆனால் ஒளியை மின்சாரமாக்கும் திறனில் சிலிக்கான் பலகைகள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. இத்தகைய பூச்சாய மின்கலங்கள் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கின்றன, சாயமும் வெயிலில் வெளுக்கிறது. அதனால்தான் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டின் நிஸ்ட் ஆய்வுக்கூடம் செயற்கைச் சாயங்களைக் கொண்டு, வீட்டு விளக்கொளியிலேயே இயங்கும் கலங்களை உருவாக்கிவருகிறது.