ஜெட் படகில் இழுவைக் கயிறு சிக்கினால் என்ன செய்வது? நியூட்ரலை நம்பி கையை விடலாமா?

ஒரு ஜெட் படகு, பின்னால் ரப்பர் டியூபை இழுத்துக்கொண்டு பறக்கிறது. டியூபில் இருந்தவர் தண்ணீரில் விழுகிறார். அவரை ஏற்றிக்கொள்ள படகு வேகத்தைக் குறைத்துத் திரும்புகிறது. அதுவரை விறைப்பாக இருந்த கயிறு தொளதொளவென மிதக்கிறது. அடுத்த சில நொடிகளில் ‘கடகட’ என்று ஒரு சத்தம். இன்ஜின் அலறுது, ஆனா படகு நகரல. சில நேரம் இன்ஜினே அப்படியே நின்றுவிடும்.

இழுவைக் கயிறு ஜெட் பம்புக்குள் போயிடுச்சுன்னு அர்த்தம். கயிறு போவது பெரிய நஷ்டம் இல்லை. அதை எடுக்கிறேன் என்று அவசரத்தில் கையை உள்ளே விடுவதுதான் ஆபத்து.

வெளியே புரொப்பல்லரே இல்லையே, எப்படிச் சிக்கும்?

ஆழம் குறைந்த, கல் நிறைந்த ஆறுகளில் ஓட்டுவதற்காக நியூசிலாந்தைச் சேர்ந்த பில் ஹாமில்டன் 1950-களில் உருவாக்கியதுதான் இன்றைய ஜெட் படகின் வடிவம். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1977-ல் வங்கக் கடலில் இருந்து கங்கையை எதிர்த்து மேலே போனதும் இந்த வகைப் படகுகளில்தான். முட்டுக்காடு போன்ற இடங்களில் நாம் பார்க்கும் வாட்டர் ஸ்கூட்டரும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

படகின் அடியில் ஒரு வாய் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, குழாய்க்குள் சுழலும் இம்பெல்லர் என்கிற விசிறி அதைப் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகம்தான் படகைத் தள்ளுகிறது. வாயில் கம்பித் தடுப்பு உண்டு. ஆனால் அது கல்லையும் கட்டையையும்தான் தடுக்கும். கயிறு கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, இம்பெல்லரைச் சுழற்றும் தண்டில் இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளும்.

மீனவர்களின் ஃபைபர் படகில் வலை சிக்கினால், அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, கண்ணால் பார்த்தே அறுத்து எடுத்துவிடலாம். ஜெட் படகில் அந்த வசதி இல்லை. எல்லாமே படகின் வயிற்றுக்குள் நடக்கிறது.

நியூட்ரலில் போட்டால் போதாதா?

போதாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். காரில் நியூட்ரல் என்றால் சக்கரத்துக்கு இன்ஜின் விசை போகாது. சின்ன ஜெட் படகுகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு கியரே கிடையாது. இன்ஜின் ஓடினால் இம்பெல்லரும் சுழலும், அவ்வளவுதான். பின்பக்கம் ஒரு மூடி இறங்கி, தண்ணீரைப் பாதி முன்னும் பாதி பின்னுமாகத் திருப்பிவிடுவதால் படகு நிற்பது போலத் தெரிகிறது. அதற்குப் பெயர்தான் நியூட்ரல். அடியில் உறிஞ்சல் நடந்துகொண்டேதான் இருக்கும்.

‘ரிவர்ஸ் போட்டா கயிறு தானா அவிழ்ந்துடாதா?’ என்று கேட்கலாம். அவிழாது. ரிவர்ஸிலும் இம்பெல்லர் அதே திசையில்தான் சுழலும், தண்ணீரின் போக்கு மட்டுமே மாறும். அதனால் ரிவர்ஸ் போட்டால் கயிறு இன்னும் இறுகும்.

அதோடு நிற்காது. உராயும் சூட்டில் பிளாஸ்டிக் கயிறு உருகி தண்டோடு ஒட்டிக்கொள்ளும். தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சீல் கெட்டால் தண்ணீர் உள்ளே வரும். பல படகுகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் இந்த பம்பில் இருந்துதான் போகிறது. அடைப்போடு ஓட்டினால் இன்ஜின் சூடாகிவிடும்.

சரி, முதலில் என்ன செய்யணும்?

இன்ஜினை உடனே அணையுங்கள். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: தண்ணீர் பீய்ச்சல் நின்றால் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. படகு போன திசையிலேயே கொஞ்ச தூரம் வழுக்கிப் போகும். பின்னால் டியூபில் ஆள் இருந்தால், டியூப் படகின் மேல் வந்து மோதவும் வாய்ப்பு உண்டு. அவர்களைச் சத்தம் போட்டு எச்சரியுங்கள்.

அடுத்து சாவியை உருவுங்கள். ஓட்டுநர் கையில் மாட்டும் பாதுகாப்பு வாரையும் கழற்றி, பம்பில் கை வைக்கப்போகிறவர் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?’ என்று யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். சாவி உங்கள் பையில் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தண்ணீரில் இருப்பவர்களை மேலே ஏற்றிவிட்டு, காற்றோ நீரோட்டமோ இழுத்தால் நங்கூரம் போடுங்கள்.

கயிற்றை எடுப்பது எப்படி?

எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்காதீர்கள். வெளியே தொங்கும் நுனிதான் உங்களுக்குக் கைப்பிடி. அதை அறுத்துவிட்டால் உள்ளே இருப்பதைப் பிடிக்க எதுவும் இருக்காது. யமஹா போன்ற நிறுவனங்களின் பல படகுகளில் பின்பக்க மேடையில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் மேலிருந்தே தண்டைத் தொடலாம். கயிறு சுற்றியிருக்கும் திசைக்கு எதிராக ஒருவர் தண்டைக் கையால் திருப்ப, இன்னொருவர் நுனியை நிதானமாக இழுத்தால் பல நேரம் சுற்று சுற்றாக வந்துவிடும்.

உருகி இறுகியிருந்தால் மட்டும் கத்தி. பல் வைத்ததோ, கொக்கி வடிவமோ நல்லது. எடுத்த துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்து, பழைய நீளம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு முழம் உள்ளே தங்கினாலும் மறுபடி தகராறு செய்யும். இம்பெல்லர் தகடுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும், கையுறை இல்லாமல் தடவ வேண்டாம்.

எல்லாம் வந்த பிறகு, தண்ணீரிலேயே மெதுவாக ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதிர்வு, சூடு எச்சரிக்கை, படகின் அடித்தட்டில் தண்ணீர் – இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம்தான் போகணும். இரண்டு இன்ஜின் உள்ள படகு என்றால் சிக்காத இன்ஜினில் மெதுவாகக் கரை சேரலாம்.

நடுத்தண்ணீரில் எடுக்க முடியலையா? படகுக்கு அடியில் நீந்திப் போய் சாகசம் செய்ய வேண்டாம். வேறு படகை உதவிக்குக் கூப்பிடுங்கள். இழுத்துச் செல்பவரிடம் ‘மெதுவா’ என்று கட்டாயம் சொல்லுங்கள். குறிப்பாக வாட்டர் ஸ்கூட்டரை வேகமாக இழுத்தால், தண்ணீர் குழாய் வழியாக ஏறி இன்ஜினுக்குள்ளேயே புகுந்துவிடும்.

சிக்காமல் இருக்க?

கயிறு விறைப்பாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. தொய்வு விழும்போதுதான் ஆபத்து. அதனால் ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் பின்பக்கம் பார்த்தபடியே உட்கார வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அந்த ஆளுக்கு 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆள் விழுந்தால் ரிவர்ஸில் போகாமல் வட்டமடித்து அவரிடம் போக வேண்டும். சவாரி முடிந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு முழுக் கயிற்றையும் படகுக்குள் இழுத்துச் சுருட்டிய பிறகே மறுபடி ஸ்டார்ட்.

மிதக்கும் வகைக் கயிறு வாங்குவது நல்லது, கண்ணுக்காவது தெரியும். ஆனால் மிதக்குதே என்று அலட்சியம் வேண்டாம். படகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மிதக்கும் கயிற்றையும் பம்ப் உறிஞ்சிவிடும். கரையில் படகைக் கட்டும் கயிறும் இதே வேலையைச் செய்யும். முன்பக்கம் கட்டியிருக்கும் கயிறு, தவறித் தண்ணீரில் விழுந்தாலும் அடியில் உள்ள வாயை எட்டாத நீளத்தில் இருக்கட்டும்.