விளக்கு எரியும்போது காலம் கடந்துவிடும்: அளவெட்டியில் ஒரு மொரிஸ் மைனரும் இரண்டு மீற்றர்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போய் மல்லாகத்தில் இடப்பக்கம் திரும்பினால் அளவெட்டி. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர். என். கே. பத்மநாதன் என்ற நாதஸ்வர வித்துவானை ஊர்ப் பெயரைச் சேர்த்து அளவெட்டி பத்மநாதன் என்றே அந்தக் காலத்து வானொலி நேயர்கள் அறிந்திருந்தார்கள். வர்த்தகப் பக்கத்தில் மேளச் சமாசாரம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு மேளக்காரரை ஏற்றிக்கொண்டு பொழுதுபட்ட பின் புறப்பட்டு, நடுச்சாமத்துக்குப் பின் வீடு திரும்பும் ஹயர் கார்தான் நமது இன்றைய விடயம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் அங்கு போயிருந்தேன். அவரிடம் பழைய கார்களுக்குச் சாமான் வாங்கும் ஒரு பெரியவர் அழைத்திருந்தார். வளவுக்குள் வேப்பமரத்தின் கீழ் ஒரு மொரிஸ் மைனர் 1000 நின்றது. எஞ்சினைக் கழற்றிப் பெட்டி போட்டு அடுக்கிய கோலம். கிராங்க் தண்டைத் தேய்த்து, புதிய பெயரிங் போட வேண்டும். "தம்பி, லைற் பத்தேல்லை. பத்தியிருந்தா நிப்பாட்டியிருப்பன்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த விளக்கு பத்துவதற்காகக் காத்திருந்ததுதான் பிழை.

மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்த கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவை தயாராகின. டாஷ்போர்ட்டின் நடுவில் ஒரே ஒரு வட்டம். வேகமும் பெற்றோலும் அதற்குள்ளேயே. மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விளக்குகள். ஒயிலுக்கு ஒன்று, சார்ஜுக்கு ஒன்று. தண்ணீர்ச் சூட்டுக்கு அதுவும் இல்லை. மலிவான குடும்பக் கார் என்பதால் கம்பனி அத்தோடு நிறுத்திக்கொண்டது.

ஒயில் விளக்கு எப்படி வேலை செய்கிறது? எஞ்சின் உடலில் ஒரு சிறிய சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். ஒயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தலுக்கும் கீழே போனால்தான் அது விளக்கை எரிய விடும். நல்ல நிலையிலுள்ள மைனர் எஞ்சின் சூடேறி ஓடும்போது 60 இறாத்தல் வரை காட்டும். நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது 15 போதும். இப்போது கணக்குப் பாருங்கள். 60 இருக்க வேண்டிய இடத்தில் 40 ஆகி, 30 ஆகி, 20 ஆனாலும் விளக்கு வாய் திறக்காது. ஓட்டத்தில் விளக்கு எரியும் நேரத்தில் பெயரிங் ஏற்கெனவே உராய்ந்துகொண்டிருக்கும். மீற்றர் இருந்திருந்தால் பல மாதங்களுக்கு முன்பே முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்திருக்கும். ஒயிலை மாற்றியோ, பம்பைப் பார்த்தோ, பெயரிங்கை மட்டும் மாற்றியோ வேலையை முடித்திருக்கலாம். கிராங்க் தண்டையும் எத்தனை தடவையும் தேய்க்க முடியாது. அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று நான்கு அளவுகளுக்குத்தான் பெயரிங் கிடைக்கும். அதோடு தண்டின் ஆயுள் முடிந்துவிடும்.

மண்ணெண்ணெய் விட்டுச் சென்ற கடன்

யாழ்ப்பாணத்துக் கார்களின் கதையில் மண்ணெண்ணெயைச் சொல்லாமல் விட முடியாது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. ஒஸ்டின், மொரிஸ் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபரேற்றருக்குள் ஒரு சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்களுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. புதிய கார்கள் படுத்துவிட, அழுத்தம் குறைந்த இந்தப் பழைய எஞ்சின்கள்தான் நோயாளியையும் மணப்பெண்ணையும் சுமந்தன.

ஆனால் மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாது. மிஞ்சிய ஈரம் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகும், அழுத்தம் விழும். இதில் ஏமாற்று என்னவென்றால், அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, கூடியிருக்கும்! வாகனம் ஒயில் குடிக்கவில்லை என்று சாரதி மகிழ்ந்துபோவார். பிரித்தானியாவில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பேர்கசன் உழவு இயந்திரங்களுக்கும் இதே வியாதிதான். ஆகையால் அவற்றுக்கு ஒயிலை அடிக்கடி மாற்றச் சொன்னார்கள். ஒயில் கிடைப்பதே அரிதாயிருந்த யாழ்ப்பாணத்தில் யாரால் அடிக்கடி மாற்ற முடியும்? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின் அதில் ஓட்டும் ஆசை எவருக்கும் இருக்காது. ஆனாலும் அந்தக் காலத்தில் தேய்ந்த எஞ்சின்கள் கைமாறிக் கைமாறி வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது பற்றரி. மேளக்காரரை ஏற்றிய கார் ஒழுங்கை ஒழுங்கையாக மெதுவாகப் போகும். முன் விளக்கு எரியும், மழையென்றால் வைப்பர் ஓடும், இப்போது போன் சார்ஜரும் சேர்ந்துவிட்டது. மைனரிலுள்ள டைனமோ முழு வேகத்தில்கூட இருபது அம்பியர் அளவில்தான் தரும். மெது ஓட்டத்தில் தருவது இல்லை என்றே சொல்லலாம். நான்கு மணித்தியாலம் இப்படி ஓடிவிட்டு, அதிகாலை இரண்டு மணிக்குக் கோயில் வாசலில் சாவியைத் திருப்பினால் கார் இருமும். சார்ஜ் விளக்கு இங்கேயும் பாதிக் கதைதான் சொல்லும். டைனமோ கொஞ்சம் தந்தாலும் அது அணைந்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகி அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறி பற்றரித் தண்ணீர் கொதித்தாலும் அது அணைந்தே இருக்கும்.

வோல்ற் மீற்றர் இருந்தால் கதை வேறு. எஞ்சின் நின்ற நிலையில் 12.6 வோல்ற் என்றால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. வீதியில் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் கராஜுக்குப் போக வேண்டும். சந்தியில் நிற்கும்போது முள் இறங்குவது டைனமோ காரின் சுபாவம்; அதற்குப் பயப்படத் தேவையில்லை.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

அம்பியர் மீற்றர் பூட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். காரின் மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் அதனூடாகப் போக வேண்டும். தடித்த வயர் வேண்டும், ஒரு இணைப்புத் தளர்ந்தால் தீப்பிடிக்கும். வோல்ற் மீற்றருக்கு மெல்லிய வயரும் சிறிய பியூசும் போதும். என் வாக்கு வோல்ற் மீற்றருக்கே.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர் முனை. ஆகவே மீற்றரின் நேர் முனை உடலுக்கும் எதிர் முனை சுவிட்ச் பக்கத்துக்கும் போக வேண்டும். அட்டையில் அச்சடித்த படத்தைப் பார்த்து நேராகப் பூட்டினால் முள் பின்னால் ஓடும்; உலோகக் கூடே எதிர் முனையாக அமைந்த மீற்றரென்றால் வயரே எரிந்துவிடும். சில கார்களை இடையில் யாராவது மாற்றியும் வைத்திருப்பார்கள். ஆகையால் முதலில் பற்றரியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒயில் மீற்றருக்கு, சுவிட்ச் இருந்த துவாரத்தில் மூன்று வாயுள்ள இணைப்பொன்றைப் பூட்டி, ஒரு வாயில் பழைய சுவிட்சையும் மற்றதில் மீற்றர்க் குழாயையும் பொருத்துவது நல்லது. விளக்கும் இருக்கும், முள்ளும் இருக்கும். எட்டில் ஒரு அங்குலப் புரியில் பிரித்தானிய வகைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க வகைக்கு 27. பார்த்தால் ஒன்றுபோலிருக்கும், இறுக்கினால் ஒழுகும். செப்புக் குழாய் அதிர்வில் வெடிக்கும். அதை ஒரு சுருள் சுற்றி விட வேண்டும். நைலோன் குழாய் என்றால் புகைக் குழாய்க்கு அருகில் போகக்கூடாது. குழாய் பிளந்தால் கொதிக்கும் ஒயில் சாரதியின் காலில் கொட்டும், சற்று நேரத்தில் எஞ்சினும் காலியாகும். ஒயிலைக் காருக்குள் கொண்டுவர விரும்பாதவர் மின்சார மீற்றர் வாங்கட்டும். அதற்கும் மேலே சொன்ன நேர் முனைச் சிக்கல் உண்டு.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு வந்த மவுசு எல்லோரும் அறிந்ததே. மவுசு வந்த இடத்தில் மோசடியும் வரும். தேய்ந்த எஞ்சினுக்குத் தடித்த ஒயிலை ஊற்றி விளக்கை அணைப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் விளக்கின் வயரையே வெட்டிவிடுவார்கள். வாங்கப் போகிறவர் சாவியைத் திருப்பியதும் ஒயில் விளக்கு முதலில் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாவிட்டால் சந்தேகப்படலாம். சிறந்த வழி, ஒரு மீற்றரைக் கையோடு கொண்டுபோய், விற்பவரின் சம்மதத்துடன் சுவிட்சைக் கழற்றிப் பூட்டி, அரை மணித்தியாலம் ஓடிச் சூடேறிய பின் முள்ளைப் பார்ப்பது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையிலே தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாயும் இருந்ததைக் கண்டித்த சம்பவத்தை நாம் குத்பாக்களில் கேட்கிறோம். தடித்த ஒயிலும் மேலே பரப்பிய உலர்ந்த தானியம்தான். மறைத்து விற்ற குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமையுண்டு. பிக்ஹு நூல்கள் இதனைக் கியாருல் ஐப் என்கின்றன. கழற்றிய பழைய மீற்றரை விற்கும் நமது சகோதரர்களுக்கும் இது பொருந்தும். முள் சரியாகக் காட்டுகிறதா என்று நல்ல மீற்றர் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கடைத் தட்டில் வைக்காதீர்கள். பிழையான மீற்றர், மீற்றர் இல்லாததைவிட மோசம். அது ஆறுதல் சொல்லிக்கொண்டே எஞ்சினைக் கொன்றுவிடும்.

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்படும் வரை, யாழ் நகரில் இரும்புப் பொருள், உதிரிப்பாகம், லொறிப் போக்குவரத்து எனப் பல துறைகளில் நம்மவர்கள் இருந்தார்கள். அளவெட்டிக் காரருக்கும் சோனகதெரு வியாபாரிக்கும் இடையிலிருந்த கொடுக்கல் வாங்கல் அன்று அறுந்தது. பெரியவர் தனது பழைய கடைக்காரரின் பெயரைச் சொல்லி, புத்தளத்தில் இருக்கிறாரா என்று என் நண்பரிடம் விசாரித்தார். அவர் கொடுத்த சாமான் ஒருநாளும் பிழைத்ததில்லை என்றும் சொன்னார். மீளக் குடியேறிய இளைஞர்களுக்கு இது ஒரு சிறு தொழில் வழி. பெரிய கடையோ பெரிய முதலோ தேவையில்லை. நாலைந்து மீற்றர், இணைப்புகள், வயர், நேர் முனையையும் எதிர் முனையையும் பிரித்தறியும் அறிவு, பூட்டிய பின் ஒரு மாதம் கழித்து ஒழுகுகிறதா என்று பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு ஆகியவை போதும். கல்யாண ஹயருக்குப் பழைய கார் கேட்கும் வழக்கம் இருக்கும்வரை வேலையும் இருக்கும்.

எஞ்சின் சேர்த்து முடிந்தபின் பெரியவர் இரண்டு மீற்றரையும் டாஷ்போர்ட்டைத் துளைக்காமல் அதன் கீழே ஒரு தகட்டில் பூட்டுவித்ததாக நண்பர் சொன்னார். சூட்டில் 50 காட்டுகிறதாம். திருவிழாக் காலம் முடிய ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். மச்சானின் ஒஸ்டின் ஏ40க்கும் ஒரு சோடி வேண்டுமாம்.