இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பது என்ன?

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன் அடித்தகட்டைப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ திட்டுத் திட்டாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? துவைத்த வெள்ளைச் சட்டையில் கோடு இழுத்துவிடுவது அதுதான். அழுக்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அங்கே இருப்பது எந்தப் பொருள் என்று கண்டுபிடித்தால்தான் அதை எப்படி எடுப்பது என்று தெரியும்.

பழுப்புக் கறை பெரும்பாலும் கஞ்சிதான். தாத்தாவின் வேட்டிக்கும் பாட்டியின் நூல் புடவைக்கும் போடும் கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து. ஏராளமான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. பருத்தித் துணிக்காகப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்தால் தகடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் துணியின் ஈரம் போனபின் சங்கிலிகள் அறுபடுகின்றன. அறுந்த துண்டுகள் வேறு விதமாகச் சேர்ந்து டெக்ஸ்ட்ரின் என்ற புதுப் பொருளாகின்றன.

இந்த டெக்ஸ்ட்ரின் அருமையான பசை! ஈரம் பட்டதும் ஒட்டிக்கொள்ளும் கடித உறைகளுக்கும் அஞ்சல்தலைகளுக்கும் இதைத்தான் பூசிவந்தார்கள். அதுவே தகட்டில் ஒட்டிக்கொண்டால் விடுமா? ஆனால் அந்த அஞ்சல்தலையிலேயே நமக்கு ஒரு துப்பு இருக்கிறது. அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் தானாகக் கழன்று வந்துவிடும், ஏனென்றால் டெக்ஸ்ட்ரின் நீரில் கரையும். ஆகவே பழுப்புக் கறைக்கு எந்த மருந்தும் வேண்டாம். ஆறிய தகட்டின்மேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்துத் துடைத்தால் போதும்.

அப்படியே விட்டுவிட்டால்தான் வம்பு. அடுத்தடுத்த முறை சூடேறும்போது டெக்ஸ்ட்ரின் கருகிக் கரியாகிவிடும். சாதம் அடிப்பிடித்த பானையின் கதைதான். கரி தண்ணீரில் கரையாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். எதைக் கொண்டு தேய்ப்பது? எவர்சில்வர் தகடு என்றால் ஆப்ப சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துத் துணியால் தேய்க்கலாம். சோடாத் துகள்கள் எவர்சில்வரைவிட மென்மையானவை. அதனால் கரியைச் சுரண்டும், தகட்டைக் கீறாது. கத்தியும் கம்பி நாரும் கூடவே கூடாது. கீறல் விழுந்தால் அடுத்த கறை அங்கேதான் முதலில் குடியேறும்.

கறுப்பு நிறத்தில் வழவழப்பான பூச்சு உள்ள தகடாக இருந்தால் சோடாவும் வேண்டாம். அது பெரும்பாலும் டெஃப்லான். 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் இருந்தார். ஒருநாள் ஓர் உருளையைத் திறந்தால் வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. உருளையை அறுத்தே பார்த்துவிட்டார். உள்ளே மெழுகுபோல் வழுக்கும் வெள்ளைத் தூள்! அதுதான் டெஃப்லான். கார்பன் சங்கிலியைச் சுற்றிலும் ஃப்ளோரின் அணுக்கள் மூடியிருப்பதால் அதில் வேறு எதுவும் எளிதில் ஒட்டாது. ஆனால் அது மிக மென்மையான பொருள். அதற்கு ஈரத்துணி மட்டுமே சரி.

துணியே உருகி ஒட்டுவதும் உண்டு. பருத்தி அதிகச் சூட்டில் கருகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகும், அவை பிளாஸ்டிக்கின் உறவுக்காரர்கள். சட்டைக் காலரில் தைத்திருக்கும் சின்னத் துணித் துண்டைப் பாருங்கள், இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரிக்கு மேல் போகாதே என்று பொருள். இரண்டு புள்ளிக்கு 150, மூன்றுக்கு 200. பெட்டி சட்டென்று சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அதனால் ஒரு புள்ளித் துணிகளை முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போவது நல்லது. உருகி ஒட்டியதை எடுக்கும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். தகட்டை லேசாகச் சூடாக்கிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் இளகியிருக்கும்போதே தடித்த பருத்தித் துணியால் அவர்கள் வழித்தெடுப்பார்கள்.

நீராவிப் பெட்டியின் துளைகளை அடைக்கும் வெள்ளைப் பொடி வேறு வகை. போர்த் தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடு பட்டதும் அது பிரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட் படிகிறது. முட்டை ஓடும் அதே பொருள்தான். ஓர் ஓட்டுத்துண்டை வினிகரில் போட்டுப் பாருங்கள். குமிழ் குமிழாகக் கார்பன் டை ஆக்சைடு வரும், ஓடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். துளைகளைச் சுற்றி இருக்கும் பொடியை வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைக்கலாம். தொட்டிக்குள் மட்டும் நாமாக வினிகர் ஊற்றக் கூடாது. அமிலம் உள்ளே இருக்கும் உலோகப் பாகங்களையும் அரிக்கக்கூடும். பெட்டியுடன் வந்த கையேடு என்ன சொல்கிறதோ அதைச் செய்வோம். தேய்த்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்து ஆறவிடுங்கள். ஒயரைச் சுற்றுவது அதற்குப் பிறகு, அதுவும் தளர்வாக.