இருவர் மூவரானால்...

நண்பர்கள் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்கிறார். கூடியது ஓர் ஆள்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது என்றார் ஜெர்மானியச் சமூகவியலறிஞர் கியோர்க் சிம்மல்.

இருவரில் ஒருவர் எழுந்து போய்விட்டால் அக்குழுவே இல்லை. ஆகவே இருவரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. மூவரானதும் நிலைமை மாறிவிடுகிறது. இருவர் சேர்ந்து ஒருவரைத் தனிமைப்படுத்தலாம். மூன்றாமவர் பூசலைத் தீர்க்கும் நடுவராகலாம்; இரு கடைக்காரர்களின் போட்டியில் மலிவாகப் பொருள் வாங்குபவரைப்போல ஆதாயமும் பெறலாம்; வேண்டுமென்றே பகைமூட்டி இருவரையும் ஆளவும் செய்யலாம். அவர்கள் நண்பர்களா, வணிகர்களா, நாடுகளா என்பது இங்கே முக்கியமன்று. பந்து இரும்பாயினும் ரப்பராயினும் வடிவம் கோளமே அல்லவா? வடிவகணிதம் பொருளை விட்டு வடிவத்தை ஆராய்வதுபோல, மனித உறவுகளின் வடிவங்களைச் சமூகவியல் ஆராயவேண்டும் என்பது அவர் கொள்கை.

சிம்மல் 1858 மார்ச் 1ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். 1885 முதல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். ஆனால் சம்பளம் கிடையாது. மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய்! காப்பாளர் விட்டுச்சென்ற சொத்து கைகொடுத்தது. அவர் பேச்சைக் கேட்க மண்டபம் நிரம்பி வழிந்தது. எனினும் 1901இல் கிடைத்தது பெயரளவுப் பேராசிரியப் பட்டமே.

1908இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் காலியாயிற்று. மாக்ஸ் வெபரே அவரைப் பரிந்துரைத்தார். ஆனால் வரலாற்றுப் பேராசிரியர் டீட்ரிஷ் ஷேஃபர், தோற்றத்திலும் சிந்தனையிலும் சிம்மல் முற்றிலும் யூதரே என அரசுக்கு எழுதினார். சிம்மலோ ஞானஸ்நானம் பெற்றவர். யூதராய்ப் பிறந்த பெற்றோரும் கிறித்தவராய் மாறியவர்களே. பதவி கிடைக்கவில்லை. புலமையை அளக்கவேண்டிய இடத்தில் பிறப்பை அளந்தார்கள்!

அதே ஆண்டில்தான் அவருடைய 'சமூகவியல்' என்னும் பெருநூல் வெளிவந்தது. அதில் 'அந்நியன்' பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. அந்நியன் வழிப்போக்கன் அல்லன். நம்மிடையே தங்கிவிட்டவன், ஆயினும் முழுவதும் நம்மவனாகாதவன். அத்தொலைவே அவனுக்கு நடுநிலைப் பார்வையைத் தருகிறது. பழைய இத்தாலிய நகரங்கள் நீதிபதிகளை வெளியூரிலிருந்து அழைத்ததை சிம்மல் எடுத்துக்காட்டுகிறார். அதில் அவருடைய சொந்த வாழ்க்கையின் சாயலும் தெரிகிறதல்லவா?

முழுப் பேராசிரியர் பதவி 1914இல், 56ஆம் வயதில், ஸ்ட்ராஸ்பர்க்கில் வாய்த்தது. அவ்வாண்டே உலகப்போர் மூண்டது; விரிவுரை மண்டபங்கள் இராணுவ மருத்துவமனைகளாயின. 1918 செப்டம்பரில் ஈரல் புற்றுநோயால் அவர் மறைந்தார்.

பெர்லினில் அவர் விரிவுரைகளைக் கேட்ட அமெரிக்கர் ராபர்ட் பார்க், பின்னர் சிகாகோவில் நகர வாழ்க்கை ஆய்வை வளர்த்தார். யார் யாருடன் தொடர்புகொள்கிறார்கள் என்பதை இன்று கணிப்பொறியில் வரைந்து ஆராய்வோரும், மூவர் சேர்ந்த முக்கோணங்களை எண்ணுகிறார்கள்.