கும்பிட்டவளே தெய்வமான ஊர்

புரட்டாசி பிரம்மோற்சவத்தில் ஐந்தாம் நாள் கருடசேவை. அன்றைக்குத் திருமலையில் ஏழுமலையான் அணிகிற மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிறது. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது சூடுவதும் இங்கிருந்து போகும் மாலைதான். இரண்டுமே ஆண்டாள் சூடிக் களைந்தவை. முகர்ந்து பார்த்த பூவைக்கூட சாமிக்குப் போடக் கூடாது என்று அதட்டாத பாட்டி எங்கள் பக்கம் கிடையாது. அந்த விதியை மீறிய பெண்ணைத்தான் அதே பாட்டிகள் தாயார் என்று கும்பிடுகிறார்கள். ராஜபாளையத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த காலத்தில், உலக மதங்கள் பற்றிய பாடம் வந்தால் இந்த மாலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயிப் பெருமாளுக்குப் பூக்கைங்கரியம் செய்த விஷ்ணுசித்தர், ஆடிப்பூரத்தன்று துளசிச் செடிகளுக்கு அருகே ஒரு குழந்தையைக் கண்டெடுத்தார். கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். அவள்தான் ஆண்டாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையை அவள் முதலில் தான் சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்தாள். அந்தக் கண்ணாடிக் கிணறு கோயிலுக்குள் இன்றும் இருக்கிறது. தகப்பனார் பதறினார், பெருமாளோ அவள் சூடியதுதான் வேண்டும் என்றார். பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண் அவள். மற்ற ஆழ்வார்கள் பெருமாளைப் பாடி அடியார்களாக நின்றார்கள். இவள் கருவறையில் ரங்கமன்னாரான பெருமாளோடு மணக்கோலத்தில் நிற்கிறாள். பக்கத்திலேயே கருடாழ்வார்.

அவள் இடக்கையில் இருக்கிற கிளியைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். அது உலோகக் கிளி இல்லை. மரவள்ளி இலை, நந்தியாவட்டை இலை, மூக்குக்கு மாதுளம்பூ என்று நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். கட்டி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். சாயங்காலம் சாத்திய கிளி பிறகு பிரசாதமாக யாராவது ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் மறுபடி இலை, மறுபடி பூ. சலிக்காத இந்தக் கைகளைத்தான் நான் வழிபாடு என்று சொல்வேன்.

அவளைக் கோயில் இன்னமும் வீட்டுப் பெண்ணாகவே நடத்துகிறது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக அழகருக்கு அவள் நேர்ந்துகொண்டது பாட்டிலேயே நின்றுவிட்டது. பல தலைமுறை கழித்து வைணவ ஆசாரியர் ராமானுஜர் அதை நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, ‘அண்ணா’ என்று கூப்பிட்டு எதிர்கொண்டாள் என்பது வைணவ மரபு. தங்கையின் நேர்த்திக்கடனைத் தீர்ப்பது அண்ணன் பொறுப்புதானே.

எங்கள் ராஜபாளையத்திலிருந்து கோயிலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. மார்கழி விடியலில் பாடும் அவளுடைய திருப்பாவை மட்டும் தமிழ். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் (1509–1529) தம் தெலுங்குக் காவியமான ஆமுக்தமால்யதாவில் பாடியது இந்தக் கோதையைத்தான் என்று பின்னால் படித்தபோது வியப்பு தீர்ந்தது. அவள் பாட்டு கடல் கடந்தும் கேட்கிறது: தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் சடங்கில், சைவர்களின் திருவெம்பாவையோடு திருப்பாவையின் எதிரொலியும் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 

மனிதர் தெய்வத்தை எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு மதமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. வேளாங்கண்ணி மாதாவுக்கும் நாம் புடவைதான் சாத்துகிறோம். மரியாளை இறைவனின் தாய் என்று 431-இல் எபேசு சங்கம் அறிவித்தது. ஆனாலும் ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, மாதாவுக்கு வணக்கம் என்று கத்தோலிக்கத் திருச்சபை வரம்பு வைத்திருக்கிறது. இஸ்லாத்தில் அந்த வரம்பு இன்னும் உறுதியானது. நபிகளின் பெயரைச் சொன்னால் கூடவே வாழ்த்தும் சொல்வார்கள். தொழுகை அல்லாஹ்வுக்கு மட்டும். பள்ளிவாசலில் உருவம் கிடையாது. அதைக் குறையாக நினைத்துக் கேட்கும் பிள்ளைகளிடம், அந்த வெறுமையும் பக்தியால் காக்கப்படுவதுதான் என்று சொல்வேன். சீக்கியர்களுக்கு 1708 முதல் நூலே குரு. அமிர்தசரஸில் இரவானால் குரு கிரந்த சாகிபைப் பல்லக்கில் கொண்டுபோய்த் துயிலவைத்து, விடியற்காலையில் திரும்ப எழுந்தருளச் செய்கிறார்கள். யூதர்களும் உருவத்தை ஏற்பதில்லை. தோரா சுருளுக்குத்தான் பட்டுறை, வெள்ளிக் கிரீடம். புத்தருக்கும் ஆரம்பத்தில் சிலை இல்லை, பாதச்சுவடும் போதிமரமும்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஆண்டாளை நான் தனியாகப் பார்க்கிறேன். கும்பிட்டவள், கும்பிடப்படுகிறவள் இரண்டும் அவளே. ஆனால் கும்பிட்ட ஆண்டாளை நாம் பாதிதான் படிக்கிறோம் என்பது என் வருத்தம். திருப்பாவையின் 30 பாசுரங்கள் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். அவளே பாடிய நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில், கல்யாண வீடுகளில் பாடுகிற வாரணமாயிரத்தைத் தவிர மற்றவற்றைப் பலர் தொடுவதே இல்லை. அவளுடைய ஏக்கமும் கோபமும் உடம்பின் தவிப்பும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைச் சொல்ல அவள் கூசவில்லை. படிக்க நாம்தான் கூசுகிறோம். மார்கழி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நாச்சியார் திருமொழியோ தை மாத நோன்பில்தான் தொடங்குகிறது: தரையை மெழுகிக் கோலமிட்டு, கண்ணனோடு தன்னைச் சேர்த்துவைக்கும்படி காமதேவனைக் கும்பிடுகிறாள், பிற்பாடு தெய்வமான அந்தப் பெண்.