மூளை இரத்தக்கசிவும் முதியோரும்: பிளாற்றினச் சுருள் பற்றிச் சில குறிப்புகள்

"வயது போட்டுது, இனி மண்டையைத் திறந்து என்ன செய்யிறது?" எங்கள் வீடுகளில் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மூளையில் அனியூரிசம் வெடித்த முதியவர் விடயத்தில் இந்த வாக்கியத்தின் இரு பாதிகளும் விசாரணைக்குரியவை.

மூளைக்குச் செல்லும் நாடி கிளைபிரியும் இடத்தில் சுவர் பலவீனமுற்று, சிறு பைபோலப் புடைப்பதே அனியூரிசம். அது வெடித்தால் மூளையைச் சூழ இரத்தம் பரவுகிறது. முதற் கசிவில் தப்பியவரை இரண்டாவது கசிவு கொல்லக்கூடும். முதல் 24 மணித்தியாலங்களில் அந்த ஆபத்து மிக அதிகம். ஆகவே பையை விரைவில் அடைக்கவேண்டும்.

1937இல் பால்ற்றிமோரில் வோல்ற்றர் டான்டி மண்டையோட்டைத் திறந்து, பையின் கழுத்தில் உலோகக் கிளிப் மாட்டினார். 1990இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இத்தாலியரான குயிடோ குலியெல்மி வேறு வழி கண்டார். தொடையிடுக்கு நாடியினூடாக மெல்லிய குழாயொன்றை மூளைவரை செலுத்தி, பிளாற்றினச் சுருள்களைப் பைக்குள் நிரப்புவது. சிறு மின்னோட்டம் சுருளைக் கம்பியிலிருந்து பிரித்துவிடும்; உள்ளே இரத்தம் உறைந்து பை அடைபடும். மண்டையோடு திறக்கப்படுவதேயில்லை. ஆனால் முதுமையில் நாடிகள் தடித்து வளைந்திருந்தால் குழாய் செலுத்துவதும் எளிதன்று.

2002இல் வெளியான ஐசாற் ஆய்வு 2143 நோயாளரில் இரு முறைகளையும் ஒப்பிட்டது. ஒரு வருடத்தின் பின் இறந்தோரும் பிறரில் தங்கிவாழ்ந்தோரும் சுருளில் 23.7 வீதம், கிளிப்பில் 30.6 வீதம். இதிலிருந்து 'முதியவருக்குச் சுருளே' என்று பலர் தாவுகின்றனர். புள்ளிவிபரவியல் படிப்பித்தவன் என்ற முறையில் இத்தாவலை நான் ஏற்கமாட்டேன். ஆய்விலிருந்தோரில் 65 வயதும் அதற்கு மேலுமானோர் 278 பேர்தான். 2008இல் அவர்களைத் தனியே ஆராய்ந்தபோது, சுயமாக இயங்கியோர் சுருளில் 60.1, கிளிப்பில் 56.1 வீதம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் இது. நடுமூளை நாடியிலோ கிளிப்பே மேல்: 86.7க்கு எதிராக 45.5. தொகை சிறிது, இதையும் வேதவாக்காக்க முடியாது.

பெரும்பாலும் நல்ல நிலையில் வந்தோரே இதில் சேர்க்கப்பட்டனர் என்பது உண்மை. ஆயினும் அம்முதியோரில் பாதிக்கு மேற்பட்டோர், எந்த முறையிலாயினும், தம் காரியங்களைத் தாமே பார்த்தனர். இந்த எண்ணை எங்கள் வீடுகளில் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

பேரப்பிள்ளை மொழிபெயர்க்க நாங்கள் தலையாட்டும் அந்தச் சில நிமிடங்களில் வைத்தியரிடம் கேட்கவேண்டியவை இவை: புடைப்பு எந்த நாடியில்? அதன் கழுத்து அகலமா, ஒடுக்கமா? இப்போது நினைவு எவ்வளவு? கசிவுக்கு முதல்நாள்வரை அம்மா தானே சமைத்தவ, தானே கடைக்குப் போனவ என்பது அவரது குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா?