நெட் ஸ்பீடாத்தான் இருக்கு... வீடியோ கால் மட்டும் ஏன் திக்குது?

ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனால், மீட்டிங்கில் பாதி நேரம் 'ஹலோ, கேட்குதா?'தான். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது வெறும் எரிச்சல் அல்ல. ஆன்லைன் இன்டர்வியூவில் பதில் வெட்டி வெட்டிப் போனால் வேலையே கைநழுவலாம்.

தூரம்தான் காரணமா?

இல்லை. சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கி.மீ. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. பாயும். இந்தத் தூரத்துக்கு 1 மில்லி விநாடிகூட ஆகாது. சிக்கல், வழியில் உள்ள நெரிசல். நம் குரல் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒன்று 20 மில்லி விநாடியிலும் அடுத்தது 90 மில்லி விநாடியிலும் வந்து சேர்ந்தால் பேச்சு உடையும். இந்த ஏற்ற இறக்கம்தான் 'ஜிட்டர்'. அழைப்புகளுக்கு இது 30 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது.

வழியை யார் முடிவு செய்கிறார்கள்?

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் விருத்தாசலம் வழியாகவும் போகலாம். கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று சுற்றியும் போகலாம். இணையத்திலும் இப்படிப் பல வழிகள் உண்டு. நெட்வொர்க்குகளுக்கு இடையே வழி சொல்லும் 'பிஜிபி', நிறுவனங்களின் ஒப்பந்தத்தையும் எத்தனை நெட்வொர்க்குகளைக் கடக்க வேண்டும் என்பதையும்தான் பார்க்கும். ஜிட்டரைக் கண்டுகொள்ளாது.

இன்டென்ட் ரூட்டிங் என்ன செய்யும்?

'இந்த வழியில் போ' என்று சொல்வதற்குப் பதில், 'அழைப்புக்கு ஜிட்டர் 30க்குள் இருக்கணும். பேக்கப் மெதுவா போனாலும் பரவாயில்லை' என்று தேவையை மட்டும் சொன்னால் போதும். மென்பொருள் வழிகளை அளந்துகொண்டே இருந்து, தேவைப்படும்போது மாற்றும். இந்தக் கருத்தை விளக்கும் 'ஆர்எஃப்சி 9315' ஆவணம் 2022இல் வெளியானது. அலுவலகங்களில் உள்ள 'எஸ்டி-வான்' இதில் ஒரு பகுதியை ஏற்கெனவே செய்கிறது.

விழுப்புரத்தில் இது ஏன் முக்கியம்?

வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஐ.டி. வேலை ஊர்ப்பக்கம் வரும்போது, சீரான இணைப்பும் கூடவே வர வேண்டும். ஆனால், தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருந்தால்தான் எந்த மென்பொருளும் உதவும். இரண்டு நிறுவனங்களில் கனெக்‌ஷன் வாங்கியும் இரு கேபிள்களும் ஒரே பள்ளத்தில் போனால், ஒரு ஜேசிபி போதும், இரண்டும் போச்சு! வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு ஸ்பீடு?' மட்டுமல்ல, 'கேபிள் எந்த வழியா வருது?' என்பதும்தான்.

வீட்டில் ஒரே கனெக்‌ஷன்தானா?

வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் போடுங்கள். கால் முடியும்வரை போட்டோ பேக்கப்பை நிறுத்துங்கள். ரவுட்டரில் 'க்யூஓஎஸ்' இருந்தால், அழைப்புக்கு முன்னுரிமை கொடுங்கள்.